பின்வரிசையில் ஒரு வருடம்

ஆகஸ்ட் மாதக் குளிரில் கார்ஸ்டேல் மைதானத்துக்குக் காற்று கடல் பக்கமிருந்து வரும். கொடிகளை ஆட்டுவதோடு விடாது, உதைத்த பந்தையும் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டு போகும். அன்றைக்குத் தூறலும் சேர்ந்துகொண்டது. முதல் அணி இல்லை, ரிசர்வ் அணியின் ஆட்டம்தான் என்பதால் கூட்டமில்லை. வேலியோரமாக அங்கொருவர் இங்கொருவர் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஹேஸல் ட்ரெலோர் கிளப்காரர்களோடு கண்ணாடி அறைக்குள் உட்காரவில்லை. கோல் கம்பங்களுக்குப் பின்னால், வேலியைப் பிடித்தபடி நின்றாள். அங்கிருந்து பார்த்தால்தான் ஆட்டக்காரனின் முகம் தெரியும் என்பது அவள் கட்சி.

கார்ஸ்டேல் கிளப்புக்கு யாரை எடுப்பது, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று பார்ப்பது அவள் வேலை. அன்று அவள் பார்க்க வந்தது ஜார்விஸ் ஹோல்கேட்டை. வயது இருபத்தொன்று. ஆறரை அடி உயரம். பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில், முன்வரிசையில் நின்று, உயரே வரும் பந்தை எம்பிப் பிடித்துக் கோலடிக்க வேண்டியவன். விம்மெராவில் ஒரு கோதுமைப் பண்ணைக்காரரின் மகன். பதினேழு வயதில், ஊர் மைதானத்தில், மூன்று பேர் தோளுக்கு மேலே அவன் எழும்பிப் பந்தைப் பறித்ததை ஹேஸல் பார்த்தாள். அன்று மாலை காரில் திரும்பும்போது ரேடியோவைக்கூடப் போடவில்லை. மனம் அவ்வளவு நிறைந்திருந்தது. கிளப்பில் பாதிப் பேர் வேறொரு பையனைச் சொன்னபோதும் இவன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வேறொரு பையனை அடுத்த கிளப் எடுத்துக்கொண்டது. இப்போது மெல்போர்ன் ட்ராம்களின் பக்கவாட்டில் அவன் சிரிக்கிற படம் ஓடுகிறது.

ஜார்விஸை நோக்கி ஒரு பந்து வந்தது. அருமையான உதை. நேரே அவன் தலைக்கு மேலே இறங்கியது. எம்பினான். பந்து இரண்டு கையிலும் பட்டது. பட்டு, நழுவி, சேற்றில் விழுந்தது. எதிரணிக்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

ஹேஸலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கறி அடைத்த மீட் பை தின்றுகொண்டு நின்றார்கள். ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குக் கேட்கும்படி சொன்னார்:

"டேய் ஹோல்கேட், கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?"

"லைட் கம்பம் மாதிரி வளந்துட்டான், ஒரு பல்பு எரியல," என்றார் மற்றவர்.

"இவனை எடுத்தாங்க பாரு, அவங்களைச் சொல்லணும். ட்ராம்ல இருக்கானே, அவனை விட்டுட்டு."

ஹேஸல் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டாள். ஜார்விஸ் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டான் என்பது அவன் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. மீதி ஆட்டத்தில் அவன் மூன்று பந்துக்குப் போனான். மூன்றும் நழுவின.

மறுநாள் காலை ஆட்டக்காரர்கள் எல்லாரும் உடம்பு வலி போகக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது வழக்கம். ஹேஸல் அங்கே போனாள். உதடு நீலம் பாரித்துக் கரையேறி வந்த ஜார்விஸைக் கூப்பிட்டுக் கடலோரச் சுவரில் உட்கார வைத்து, ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவனைத் தேற்ற வரவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"பந்து வர்றப்போ உனக்கு என்ன நடக்குதுன்னு சொல்லு," என்றாள்.

அவன் மூடியை இரண்டு கையாலும் பற்றி ஒரு வாய் குடித்தான்.

"யோசிக்கறேன் ஹேஸல். அதான் நடக்குது. பந்து மேலேர்ந்து இறங்கறதுக்குள்ள நாலு யோசனை வந்துடுது. விட்டுட்டா என்ன சொல்வாங்க, அடுத்த வாரம் இடம் இருக்குமா, அப்பா பேப்பர்ல என்ன படிப்பாரு... எல்லாம் வந்துட்டு கடைசியாத்தான் பந்து வருது."

"ஊர்ல ஆடறப்போ?"

"ஊர்ல யாரு யோசிச்சா?" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "என்னை அனுப்பப் போறீங்களா?"

ஹேஸல் பொய் சொல்கிறவள் இல்லை. இன்னும் முடிவாகவில்லை, ஆனால் பேச்சு இருக்கிறது என்றாள். அவன் தலையாட்டினான். டீயை முழுக்கக் குடித்து, மூடியை உதறிக் கவனமாகத் திருகிக் கொடுத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை கோச் ரஸ் டனிகன் அவளை அறைக்குக் கூப்பிட்டான். ரஸ் கெட்டவனில்லை. கிப்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். எதைப் பேசினாலும் கடைசியில் மாட்டில் போய் நிற்பான். ஹேஸலும் அவனும் பழைய சிநேகிதர்கள். ஆகவே சுற்றி வளைக்கவில்லை.

"கறக்காத மாட்டுக்கு இன்னும் எத்தனை நாள்தான் புல்லு போடறது?"

உயரமானவர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள் என்றாள் ஹேஸல். முதல் வருடம் முதுகு, இரண்டாம் வருடம் தோள்பட்டை. அவன் உடம்பு சரியாக இருந்து முழுசாக ஆடியதே இந்த வருடம்தான் என்றாள்.

"அந்த இந்த வருஷத்தைத்தான் நானும் சொல்றேன்," என்றான் ரஸ். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டான்: "ஹேஸல், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நீ அவனுக்காகப் பேசறியா, அவனை எடுத்த உனக்காகப் பேசறியா?"

கோபம் வரவில்லை. மாலையில் ரயிலில் போகும்போது அதே கேள்வியைத் தனக்குத்தானே போட்டுப் பார்த்தாள். அந்த இரண்டு பேர் மைதானத்தில் பேசியபோது வலித்தது பையனுக்காகவா, தனக்காகவா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே நூலில் முறுக்கிக் கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரிசர்வ் அணியின் கடைசித் தடுப்பாளன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெஞ்சில் உயரமான ஆள் வேறு யாருமில்லை. ரிசர்வ் கோச் வேறு வழியில்லாமல் ஜார்விஸைப் பின்வரிசைக்கு அனுப்பினான். முன்வரிசையில் அவன் இல்லாததால் பெரிய நஷ்டமும் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

பின்வரிசைக்காரனுக்கு வேலை வேறு. கோலடிக்க வேண்டாம். எதிரணியின் உயரமானவனை அடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தைப் பிடித்தால் நல்லது, முடியாவிட்டால் முஷ்டியால் குத்தித் தள்ளினாலே போதும். முதல் பந்து வந்தது. ஜார்விஸ் எம்பிக் குத்தினான். பந்து வேலியைத் தாண்டிப் போய் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில் மோதி நின்றது. இரண்டாவதையும் குத்தினான். நாலாவதோ ஐந்தாவதோ, குத்தப் போன கை விரிந்து பந்தைப் பிடித்துக்கொண்டது. அது அவனுக்கே தெரியாமல் நடந்ததுபோல இருந்தது. கையில் பந்தோடு ஒரு விநாடி அங்குமிங்கும் பார்த்தான், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிறமாதிரி.

யோசிக்க நேரமில்லை, அதுதான் என்று ஹேஸலுக்குப் பட்டது. முன்வரிசையில் அவன் தன்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றான். இங்கே எதிரே ஓர் ஆள் நிற்கிறான். அவனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் அவள் அனுபவசாலி. ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் குதிக்கிறவள் இல்லை. ரஸ்ஸிடம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆட்டமும் நன்றாகப் போனது. அதற்கடுத்ததும். அப்போதுதான் ரஸ்ஸைக் கூப்பிட்டாள். "வந்து பாரு, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

வந்தான். வந்த அன்றைக்குப் பார்த்து ஜார்விஸுக்கு எல்லாமே தலைகீழாகப் போயிற்று.

எதிரணியில், காயம் ஆறித் திரும்பிய அவர்களுடைய முதல் அணிப் பழம்பெருச்சாளி ஒருவன் ஆடினான். தோளால் இடித்து இடம் பிடிப்பதில், நடுவர் பார்க்காதபோது சட்டையை இழுப்பதில் அவனுக்கு ஈடில்லை. ஜார்விஸை ஒரு பொம்மை மாதிரி நகர்த்தினான். ஒரு கோல், இரண்டு கோல் என்று ஏறி ஐந்தில் வந்து நின்றது. வேலியோரத்தில் கைதட்டிச் சிரித்தார்கள். ஹேஸல் ரஸ் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவுதான், முடிந்தது என்று தீர்மானித்துவிட்டாள்.

ஐந்தாவது கோல் விழுந்ததும் ரிசர்வ் கோச் வேறொரு தடுப்பாளனை அந்தப் பெருச்சாளிக்கு மாற்றச் சொல்லி ஆளனுப்பினான். ஜார்விஸ் முடியாதென்று தலையை ஆட்டியது தூரத்திலிருந்தே தெரிந்தது. தன் மார்பைத் தட்டிக் காட்டினான். வந்த ஆள் தயங்கித் திரும்பிப் போனான். கடைசிக் கால்மணி நேரம் ஜார்விஸ் அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு கோல் விழவில்லை. அப்படி ஒன்றும் அழகான ஆட்டமில்லை அது. சேற்றில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள், அவ்வளவுதான். அணியும் தோற்றது.

கார் நிறுத்துமிடத்தில் ரஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அஞ்சு கோல் வாங்கினான்," என்றான்.

"பாத்தேன்."

"வாங்கிட்டும் ஆளை விடல. வேலியில மாட்டின காளை மாதிரி நின்னான்." கார்க் கதவைத் திறந்தவன் மறுபடி மூடினான். "நல்லா ஆடறப்போ யாரு வேணும்னாலும் நிப்பான். இன்னிக்கு மாதிரி நிக்கறதுதான் கஷ்டம். இது எனக்குத் தெரியாது, அவன்கிட்ட இது இருக்குன்னு."

அன்றைக்கு ஹேஸலுக்கு வீடு வருகிறவரை சந்தோஷமாக இருந்தது. வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அடுத்த கணக்கு நினைவுக்கு வந்தது. அணியில் இருக்கிற இடங்கள் அளந்து வைத்தவை. ஜார்விஸ் இருந்தால் வேறொருவன் போயாக வேண்டும். இத்தனை மாதமாக அவனுக்குக் காலம் கொடுங்கள், காலம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலம் யாருடையது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

செப்டம்பர் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. போக வேண்டியவன் டோபி கார்மடி.

டோபிக்கு இருபத்தைந்து வயது. குள்ளமானவன், வேகமானவன். முன்வரிசையில், நடுவில், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பான். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூடப் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில்லை. ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. ஜெயித்த அன்று கிளப் பாட்டை ஆரம்பிப்பது அவன்தான். தோற்ற அன்று புதுப் பையன்களின் பக்கத்தில் போய் உட்காருவதும் அவன்தான். ஜார்விஸுக்கு முதுகு போயிருந்த வருடம் அவனைத் தினமும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவன்தான்.

யாருக்குத் தகுதி என்று கேட்டால் டோபிக்குத்தான் என்று ஹேஸல் கூட்டத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவன் உழைத்துச் சம்பாதித்த இடம் அது. ஆனால் அவன் எவ்வளவு தூரம் போவானோ அவ்வளவு தூரம் போய்விட்டான். ஜார்விஸ் எவ்வளவு தூரம் போவான் என்று யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. தெரியாததற்குத்தான் நாம் காலம் கொடுக்கிறோம் என்றாள். நீ சொல்கிறபடி பார்த்தால் ஒழுங்காக இருப்பவனுக்குத் தண்டனையா என்று ஒருவர் கேட்டார். கேள்வி அப்படியே மேசைமேல் கிடக்க, ஜார்விஸுக்கு ஒரே ஒரு வருடம் என்று முடிவானது.

டோபியிடம் சொல்வது கோச்சின் வேலை. ஹேஸல் அதைத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு தகரத் தொட்டியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கேட்டைத் திறந்துகொண்டு வந்தவளைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு நாயின் முதுகில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"நீங்களே வந்துட்டீங்கன்னா விஷயம் நல்லதில்ல."

"இல்லை டோபி."

"போன்ல சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட போன்ல சொல்ல மனசு வரல."

அவன் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினான். நாய் உதறியதில் இரண்டு பேர் மேலும் தெறித்தது. யாரை வைத்துக்கொள்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது.

"நெட்டையன் இருக்கானா?"

"இருக்கான். ஒரு வருஷம்."

"அவனுக்கு இருபத்தொண்ணு, எனக்கு இருபத்தஞ்சு," என்றான் டோபி. "நான் ஏதாவது தப்பு பண்ணேனா ஹேஸல்?"

"ஒண்ணுமே பண்ணல."

"பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். அடுத்த தடவை திருத்திக்கலாம்." நாயைத் தூக்கித் துண்டில் சுற்றினான். கொஞ்சநேரம் அதன் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. "டீ சாப்பிடறீங்களா?"

சாப்பிட்டாள். மறுத்திருந்தால் அவனுக்கு அதுவும் ஒரு பாரமாகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஜார்விஸ் அவள் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. ஒப்பந்தம் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவனின் முகமாக அது இல்லை.

"டோபி இடத்துல என்னைப் போட்டிருக்கீங்க."

"அது டோபி இடமும் இல்ல, உன் இடமும் இல்ல. கிளப்போட இடம்."

"அவன் என்னைவிட நல்லா ஆடினான். எல்லாருக்கும் தெரியும். நான் வேணாம்னு சொன்னா?"

"சொல்லலாம்," என்றாள் ஹேஸல். "அதுக்கு உனக்கு உரிமை இருக்கு. ஆனா டோபி திரும்பி வரமாட்டான். வேற ஒரு நெட்டையனைத் தேடிட்டுப் போவேன். அவ்வளவுதான் நடக்கும்."

அவன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதைவிட மென்மையாகச் சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மென்மையாகச் சொன்னால் பொய் கலந்துவிடும்.

அங்கிருந்து நேரே டோபியின் வீட்டுக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஹேஸலுக்கு யாரும் சொல்லவில்லை. டோபி அடிலெய்டில் ஓர் அணிக்கு ஆடச் சம்மதித்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். ஜார்விஸும் அவனும் சேர்ந்து குளிர்சாதனப் பெட்டியைப் படியிறக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, சுவரில் ஒரு பெரிய கீறல் போட்டார்கள் என்பது மட்டும் கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்து சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அந்தக் கீறலுக்குப் பூச்சு வைத்துக் கொடுத்தது ஜார்விஸ்தான்.

அந்தக் கோடை முழுக்க அவன் வெயிலில் கிடந்து பயிற்சி செய்தான். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அடுத்த சீசன் தொடங்கியபோது ரிசர்வ் அணியில்தான் இருந்தான். ஏப்ரலில் ஒருவனுக்குக் கை முறிந்ததால் முதல் அணிக்கு வந்தான். பின்வரிசையில் சுமாராக ஆடினான், ஒரு வாரம் நன்றாக, ஒரு வாரம் வெளியே தெரியாமல். பேப்பரில் அவன் பெயர் வருவது குறைந்தது. தடுப்பாளனுக்கு அது நல்ல சகுனம்.

மே மாதத்தில் ஓர் ஆட்டம். கார்ஸ்டேல் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. கடைசி நிமிடம். பந்து ஜார்விஸ் காத்து நின்ற கோல் பக்கம் உயரே வந்து இறங்கியது. குத்திவிட்டிருந்தால் தீர்ந்தது. ஜார்விஸ் பிடிக்கப் போனான். இரண்டு கையிலும் பட்டது. நழுவியது. கீழே காத்திருந்த எதிரணிக்காரன் எடுத்து உதைத்தான், கோல், ஆறு புள்ளி. ஆட்டம் முடிந்த சைரன் அடித்துவிட்டது. முப்பதாயிரம் பேர் ஒரே குரலாக முனகியதை மேலே உட்கார்ந்திருந்த ஹேஸல் கேட்டாள். கீழே அவன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். தலை குனியவில்லை. எதிரணிக்காரன் ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

அந்த வாரம் ரேடியோவில் அவனைக் கிழித்தார்கள். இன்னும் எத்தனை வருடம் இவனுக்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான் என்று ஹேஸலுக்கும் பட்டது. காரில் கேட்டுக்கொண்டே போனாள், அணைக்கவில்லை.

வியாழக்கிழமை அணித் தேர்வுக் கூட்டம். அவனுக்காக என்ன பேசுவது என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரஸ் மற்ற கோச்சுகளோடு உட்கார்ந்து பின்வரிசையிலிருந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனான். மூன்றாவதாக ஹோல்கேட் என்றான். சொல்லிவிட்டு நிறுத்தாமல் நாலாவது பெயருக்குப் போனான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஹேஸல் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைப் பேசாமல் விழுங்கினாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மைதானத்தில் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒருவன் உயரே உதைக்க, வரிசையாக வந்து குத்திவிட்டுப் போனார்கள். ஜார்விஸ் முறை வந்தது. குத்தினான். பந்து வெகுதூரம் போயிற்று. பின்னால் நின்றவன் ஏதோ சொல்ல, ஜார்விஸ் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடினான்.

ஹேஸல் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பெண்டிகோ பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆட்டம் இருந்தது. அங்கே ஒரு பையன் நன்றாக எம்புகிறான் என்று கேள்வி. போகிற வழியில் பெட்ரோல் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காரை எடுத்தாள்.